வீமன் தின்ற தயிர்

நாய் கொழுத்ததிலேயே எல்லாம் பிடிபட்டிருக்கவேண்டும்.

சண்டை தொடங்கி, வவுனியாவுக்குப் போகிற பாதையைப் பூட்டி மூன்று மாதமாகிறது. ஸ்கந்தபுரத்தில் மனிசருக்கே சீனி இல்லை, சவர்க்காரம் இல்லை. மண்ணெண்ணெய் விற்கிற விலையைக் கேட்டால் விளக்கை நூர்த்துவிட்டுப் படுக்கத் தோன்றும். அப்படிப்பட்ட காலத்தில் தயாபரன் வீட்டு நாய் வீமன் மட்டும் கழுத்து மடிந்து, முதுகு மினுங்கி, படலையடியில் கிடந்தபடியே குரைக்கிற நிலைக்கு வந்திருந்தது. எழும்பிக் குரைக்க அதற்குப் பஞ்சி.

அதே வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணியான வதனி, கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரை ஏறுகிற அளவுக்கு மெலிந்திருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மண்வெட்டியை மறந்துவிட்டு வயலுக்குப் போன தயாபரன் பாதி வழியில் திரும்பி வந்ததும், குசினிக்குப் பின்னால் மனைவி ஒரு கோப்பை எருமைத் தயிரை வீமனுக்கு முன்னால் கவிழ்த்துக்கொண்டு நின்றதைக் கண்டதும் போன கிழமைப் பகுதியைப் படித்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கோப்பையை இன்னும் கையில் வைத்துக்கொண்டுதான் அவன் நிற்கிறான்.

"இது எத்தினை நாளா நடக்குது?"

வதனி நிலத்தைப் பார்த்தாள்.

"நீர் திண்டு முடிச்சிட்டீர் எண்டு நினைச்சு நான் சட்டிக்கு மேலை சட்டி உறைய வச்சுக்கொண்டிருக்கிறன். எருமைக்குப் புல்லுக்குப் போய்க் காலெல்லாம் கிழிஞ்சு கிடக்குது. நாயைக் கொழுக்க வைக்கவே?"

தயாபரன் கத்துகிறவன் இல்லை. இப்போதும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது என்று வதனிக்கு இருந்தது.

"எனக்கு ஒத்துக்கொள்ளேல்லையப்பா. திண்டா நெஞ்செரியுது."

நல்ல பொய். தயிர் என்றால் அவளுக்கு உயிர். சட்டியைத் திறந்ததும் ஆடையின் மணத்துக்கே வாயூறும். நாய்க்குக் கவிழ்க்கும்போது விரலில் ஒட்டுகிற துளியை நக்கிவிடுவேனோ என்ற பயத்தில் அவசரமாகச் சட்டையில் துடைத்துவிடுவாள். இரண்டு மாதமாக இப்படித்தான். முதலில் தயிரை நிறுத்தினாள். பிறகு சோற்றைப் பாதியாக்கினாள். அதற்குப் பிறகு பாதியையும் பாதியாக்கினாள். நெஞ்செரிந்தது உண்மைதான், ஆனால் அது வெறும் வயிறு எரிந்த எரிவு. வயிறு இறுகி, நாலு நாளைக்கு ஒருமுறை போவதே பெரும்பாடாகக் கிடந்தது.

ஏன் என்று கேட்டால் அவளிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், சமாதான காலத்தில், பாதை திறந்திருந்தபோது அவளுடைய முதல் பிள்ளை பிறக்காமல் அடைத்துக்கொண்டது. வான் வண்டி ஒன்றில் ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். கனகராயன்குளம் தாண்டும்போது வயிற்றுக்குள் இருந்த துடிப்பு நின்றது. பிள்ளையை எடுத்தார்கள், உயிரில்லை. அடக்கம் செய்த அன்று மாமி அன்னபாக்கியம் முற்றத்தில் இருந்து தலையிலடித்து அழுதார். அழுகைக்கு நடுவில் ஒரு சொல் வந்தது.

"சட்டி சட்டியாத் தயிரைத் திண்டு பிள்ளையைப் பூசணிக்காய் மாதிரி வளத்து வச்சிருந்தா, அது எப்பிடியம்மா வெளியிலை வரும்?"

அன்னபாக்கியம் கெட்ட மனிசி இல்லை. மனதில் ஒன்றையும் வைத்திருக்கத் தெரியாதவர். வாயால் கொட்டிவிட்டு மறந்துபோவார். கரைச்சல் கேட்டவருக்குத்தான். உள்ளே கிடந்து மெத்தைக்குள் முகம் புதைத்திருந்த வதனி அந்தச் சொல்லைக் கேட்டாள். இரண்டு வருடமாக அதை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறாள். செத்துப்போன பிள்ளையின் கதையை வீட்டில் ஒருவரும் எடுப்பதில்லை. எடுத்தால் அவள் மனம் நோகுமென்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதனால் அந்தச் சொல் பொய்யா உண்மையா என்று கேட்கவும் வழியில்லாமல் போயிற்று.

இந்த முறை பாதையே இல்லை. வவுனியா இப்போது வேறு நாடு மாதிரி. பிள்ளை அடைத்துக்கொண்டால் எங்கே கொண்டு ஓடுவது? ஆகவே பிள்ளை சின்னதாக இருக்கவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்துவிடவேண்டும். ஒவ்வொரு நாளும் வயிற்றைத் தடவி, "சின்னனா இரு ராசா, சின்னனா இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேற்றுப் பொழுதுபட்டதிலிருந்து அந்தப் பிள்ளை அசையவில்லை.

சின்னதாக இரு என்றுதான் கேட்டாள். இல்லாமல் போ என்று கேட்கவில்லையே.

"நான் கதைக்கிறது கேக்குதோ?" என்றான் தயாபரன்.

கேட்கவில்லை. அவள் காதெல்லாம் வயிற்றுக்குள் இருந்தது. ஒரு புரளல், ஒரு விக்கல், ஏதாவது. ஒன்றுமில்லை. கல்லைக் கட்டி வைத்தது போல வயிறு சும்மா கிடந்தது. 

சத்தம் கேட்டு அன்னபாக்கியம் வந்தார். கோப்பையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். அவ்வளவு போதும் அவருக்கு.

"ஏன் பிள்ளை, தயிர் செமிக்கேல்லையெண்டா என்னட்டைச் சொல்லுறதுக்கென்ன? மோராக்கித் தந்திருப்பனே. இஞ்சியைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு. மோர் செமிக்காத வயிறும் இருக்கோ? உன்ரை மனிசனை வயித்திலை வச்சுக்கொண்டு நான் செம்பு செம்பாக் குடிச்சனான். பார், ஆள் நல்லாத்தானே நிக்கிறான். நாய்க்கு ஊத்தினாளாம் நாய்க்கு. ஊரிலை பிள்ளையளுக்குப் பால்மா இல்லாமல் கிடக்கு..."

இதே வாய்தானே என்று வதனிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"மாமி."

"என்ன?"

"பிள்ளை துடிக்கேல்லை."

அன்னபாக்கியத்தின் கை அப்படியே நின்றது.

"எப்ப துவக்கம்?"

"நேற்றுப் பொழுதுபடேக்கை துடிச்சது. அதுக்குப் பிறகு இல்லை."

"இவ்வளவு நேரமும் ஏன் சொல்லேல்லை?" என்று தயாபரன் கேட்கவில்லை. கோப்பையைக் கீழே போட்டுவிட்டு அயலவர் முத்துலிங்கத்தின் வீட்டுப் பக்கம் ஓடினான். அன்னபாக்கியமும் ஒரு சொல் பேசவில்லை. மாமி பேசாமல் நின்றதைக் கண்டபிறகுதான் வதனிக்கு நெஞ்சு விறைத்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமி பேசாமல் நின்று அவள் கண்டதில்லை.

நல்ல காலம், புதன்கிழமை. உருத்திரபுரத்திலிருந்து மருத்துவமாது சிவலட்சுமி மிஸி வந்து, வாசிகசாலைக் கட்டடத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். முத்துலிங்கம் தன் லாண்ட்மாஸ்டர் உழவுமிசினை இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்து படலையில் நிறுத்தினார். வைக்கோலுக்கு மேல் சாக்கை விரித்து வதனியை ஏற்றினார்கள். மிஸியிடம் வெறுங்கையோடு போகிற வழக்கம் அன்னபாக்கியத்துக்கு இல்லை. அந்தப் பதற்றத்திலும் உறியிலிருந்த தயிர்ச்சட்டியை எடுத்து, வாழையிலையால் வாயைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

மழை பெய்து பாதை முழுக்கச் சேறு. ஒவ்வொரு குழியிலும் பெட்டி விழுந்து எழும்பும்போது வதனி வயிற்றை இரு கையாலும் ஏந்திக்கொண்டாள். இந்தக் குலுக்கத்துக்காவது அசையாதா என்று பார்த்தாள். அசையவில்லை.

பாதி வழியில் வானத்தில் குண்டுவிமானத்தின் இரைச்சல் கேட்டது. முத்துலிங்கம் மிசினை நிறுத்தினார்.

"கிபிர். இறங்குங்கோ, எல்லாரும் வாய்க்காலுக்கை இறங்குங்கோ."

மற்ற நாளென்றால் வதனிதான் முதலில் இறங்கியிருப்பாள். இன்றைக்கு அவள் அசையவில்லை.

"நீங்கள் இறங்குங்கோ மாமி. என்னாலை ஏலாது."

"நீ இறங்காட்டி நானும் இல்லை" என்று அன்னபாக்கியம் அவளைத் தன் உடம்போடு அணைத்துக்கொண்டு குனிந்தார். இரைச்சல் தலைக்கு மேலால் கிழக்கே போயிற்று. எங்கேயோ தூரத்தில் இரண்டு அதிர்வு. மேலே இருந்ததற்கு வதனி பயப்படவே இல்லை. உள்ளே இருந்த அமைதிக்குத்தான் பயப்பட்டாள்.

வாசிகசாலைக்குள் பத்திரிகை வாசிக்கிற நீள வாங்கு ஒன்றைச் சுவரோரம் இழுத்துப்போட்டுச் சேலையால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். காத்திருந்த பெண்கள் வதனியின் முகத்தைப் பார்த்து வழிவிட்டார்கள். பிள்ளை துடிக்கவில்லை என்று அன்னபாக்கியம் சொன்னதும் சிவலட்சுமி எழும்பி வந்தார். படுக்கச் சொல்லி, மரக்குழலை வயிற்றில் வைத்து, காதை ஊன்றினார்.

இடப்பக்கம் வைத்தார். எடுத்தார். கீழே வைத்தார். எடுத்தார்.

"கொஞ்சம் மற்றப் பக்கம் சரி."

வதனி சரிந்தாள். கூரையில் ஒரு பல்லி ஓடியது. வெளியில் முத்துலிங்கம் இருமினார். யாராவது சத்தம் போட்டால் பிள்ளையின் சத்தம் கேட்காமல் போய்விடுமே என்று அவளுக்கு அந்த இருமலில் கோபம் வந்தது. கடவுளே, எனக்கு எவ்வளவு பெரிய பிள்ளையையும் தா, நான் கிழிஞ்சு செத்தாலும் பரவாயில்லை, இது மட்டும் இருக்கட்டும்.

சிவலட்சுமி குழலை மீண்டும் நகர்த்தினார். நெடுநேரம் அசையாமல் குனிந்திருந்தார்.

"இருக்கு" என்றார்.

வதனிக்கு விளங்கவில்லை.

"பிள்ளை இருக்கு. அழாதை. சத்தம் மெல்லமாத்தான் கேக்குது, ஆனா இருக்கு."

மறைப்புக்கு வெளியே தயாபரன் குந்தி இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பிறகு தராசில் ஏற்றினார்கள். சிவலட்சுமி முள்ளைப் பார்த்தார், குனிந்து இன்னொருமுறை பார்த்தார். முகம் கடுத்தது.

"போன மாதம் நிண்ட இடத்திலையும் இல்லை. கீழை இறங்கியிருக்கிறாய். எட்டாம் மாதத்திலை ஏறவேணுமேயொழிய இறங்கப்படாது. வயிறும் மாதத்துக்குக் காணாது. என்ன சாப்பிடுறனி?"

"எல்லாம் குடுக்கிறனாங்கள் மிஸி" என்று அன்னபாக்கியம் முந்தினார். "தயிர் இருக்கு, முட்டை இருக்கு, வீட்டு நெல்லுச் சோறு..."

"நான்தான் திண்ணேல்லை" என்றாள் வதனி.

"ஏன்?"

"பிள்ளை பெருத்திடும் மிஸி." சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. "தயிர் கொழுப்பு. திண்டாப் பிள்ளை கொழுக்கும். பிறகு வெளியிலை வராது. இந்த முறை பாதையும் இல்லை. முதல் பிள்ளை அப்பிடித்தானே போனது. நான் திண்டு திண்டு..."

"ஆர் உனக்கு இதைச் சொன்னது?"

 மாமியின் பக்கம் திரும்பாமல் இருக்க வதனி படாத பாடு பட்டாள். திரும்பாததிலேயே அன்னபாக்கியத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சிவலட்சுமி வாங்கின் நுனியில் இருந்தார்.

"உன்ரை முதல் பிள்ளைக்கு வவுனியா வரைக்கும் அந்த வானுக்குள்ளை வந்தது ஆர்? நான்தானே. பிள்ளையை எடுத்தாப் பிறகு நிறுக்கேக்கையும் நான் பக்கத்திலை நிண்டனான். இரண்டே முக்கால் கிலோ. அது பெரிய பிள்ளையே இல்லை, வதனி. குறுக்கை கிடந்தது. கை முன்னுக்கு வந்து அடைச்சிட்டுது. நீ ஒரு சட்டி திண்டிருந்தாலும் ஒண்டும் திண்ணாமல் விட்டிருந்தாலும் அது அப்பிடித்தான் கிடந்திருக்கும். இவ்வளவு காலமும் ஒருத்தரும் உனக்குச் சொல்லேல்லையோ?"

ஒருவரும் சொல்லவில்லை. தயாபரனுக்குத் தெரியும். அவள் மனம் நோகுமென்று அவன் சொல்லவில்லை. அவன் மனம் நோகுமென்று அவள் கேட்கவில்லை.

"நான்தான் மிஸி." அன்னபாக்கியத்தின் குரல் உடைந்திருந்தது. "செத்தவீட்டண்டு நான்தான் ஏதோ புலம்பினனான். சும்மா, அழுகையிலை வந்த கதை. இவள் உள்ளை கிடந்து கேட்டிருக்கிறாள் எண்டு சத்தியமா எனக்குத் தெரியாது. பிள்ளை, நான் அதைச் சும்மா சொன்னதடி."

"எனக்கு அது சும்மா இல்லை மாமி" என்றாள் வதனி.

குரலில் கோபம் இல்லை. கோபப்படுகிற அளவுக்கு உடம்பில் தென்பும் இல்லை. அன்னபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டார். 

"சரி, அழுது காணும்" என்றார் சிவலட்சுமி. "சின்னப் பிள்ளையெண்டாச் சுகமாப் பிறக்குமெண்டு பட்டினி கிடக்கிறது நீ மட்டுமில்லை. பாதை பூட்டினாப் பிறகு எத்தினை பேரைப் பேசிப்போட்டன். தயிர் திண்டாப் பிள்ளை பூதமா வளராது. உனக்குக் கொஞ்சம் சதை வைக்கும், இறுகின வயிறு இளகும், பிள்ளைக்கும் எலும்பு பிடிக்கும். அவ்வளவுதான். சின்னனாப் பிறக்கிற பிள்ளையை வச்சுக் காப்பாத்திறதுதான் இஞ்சை பெரிய கஷ்டம். இது இன்னும் ஒரு மாதத்துக்கு மேலை உள்ளை இருந்து வளரவேணும். இப்ப வந்தா என்னாலை ஒண்டும் செய்யேலாது. விளங்குதோ?"

"ஓம்."

"பாதைக்கு இங்காலை இருக்கிற பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாறன். மத்தியானத்துக்குப் பிறகு எங்கடை வாகனம் இந்தப் பக்கத்தாலை வரும், அதிலை போகலாம். அதுக்கு முதல் ஏதும் சாப்பிட வேணும். என்ன கிடக்கு?"

அன்னபாக்கியம் மடியிலிருந்த சட்டியை நீட்டினார். மிஸிக்கென்று கொண்டுவந்த சட்டி. வாழையிலையை அவிழ்த்ததும் மேலே மஞ்சள் பிடித்த ஆடை. இடுப்பில் முடிந்திருந்த பனங்கட்டித் துண்டைப் பல்லால் கடித்து உடைத்து மேலே போட்டார். "மிஸி, குறை நினையாதேங்கோ" என்றார். மிஸி கையை ஆட்டினார்.

வதனி முதல் வாயை அள்ளி வைத்தாள். மனம் இன்னும் நம்பவில்லை. விழுங்கினாள். புளிப்பும் இனிப்புமாகத் தொண்டையில் குளிர்ந்து இறங்கியது. இரண்டாவது வாய். மூன்றாவதுக்குப் பிறகு அவளுக்குக் கை நிற்கவில்லை. சட்டியைப் பறித்து மடியில் வைத்து, விரலால் வழித்து வழித்துத் தின்றாள். கண்ணீர் மூக்கால் ஒழுகியது, அதையும் பார்க்கவில்லை.

"மெல்ல, மெல்ல. ஆரும் பறிக்கேல்லை" என்றார் சிவலட்சுமி.

அரைச் சட்டி முடிந்த பிறகுதான் இடப்பக்கம் சரிந்து படுத்தாள். மாமி பக்கத்தில் நிலத்தில் இருந்து அவள் காலைத் தடவிக்கொண்டிருந்தார். மழை மறுபடி தூறத் தொடங்கியது.

அப்போது உள்ளே ஒன்று புரண்டது.

வதனி மூச்சை அடக்கினாள். இன்னொன்று. விலாவுக்குக் கீழே ஒரு சின்னக் குதி உந்தியது.

"இஞ்சருங்கோ" என்று அவள் கூப்பிட்ட குரலைக் கேட்டுத் தயாபரன் மறைப்பை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவன் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். காய்ப்புக் கட்டிய அந்தக் கைக்குக் கீழே பிள்ளை மறுபடி உதைத்தது. அவன் சிரித்தான். அன்னபாக்கியம் பிள்ளையாரைக் கூப்பிட்டு ஒரு பெரிய பொங்கலை நேர்ந்தார். சீனியும் சர்க்கரையும் எங்கே வாங்குவது என்று அவருக்கு அப்போது நினைவில்லை.

"வளரு ராசா" என்று வதனி வயிற்றைத் தடவினாள். "விருப்பமான மாதிரி வளரு. அம்மா பாத்துக்கொள்ளுறன்."

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் பயமில்லாமல் கண்ணை மூடினாள்.

சிவலட்சுமி மற்றப் பெண்களைப் பார்க்கப் போனார். வாகனம் வருகிற நேரமாயிற்று, வரவில்லை. தயாபரன் ரோட்டில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். முத்துலிங்கம் மிசினின் சக்கரத்துச் சேற்றைத் தடியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அடிவயிற்றில் ஒரு இழுவை வந்து வதனியை எழுப்பியது. அவள் உதட்டைக் கடித்தாள். வந்த மாதிரியே போய்விட்டது.

"என்ன பிள்ளை?" என்றார் மாமி.

"வயிறு பிரட்டுது."

"காஞ்ச வயித்திலை கட்டித் தயிரை அள்ளிப் போட்டா வேறை என்ன செய்யும்? கன நாளைக்குப் பிறகு உள்ளை போயிருக்கு, குடல் திகைச்சுப் போச்சு. கொஞ்சத்தாலை இளகும். படு."

நியாயமான கதைதான். வதனிக்கும் அப்படித்தான் பட்டது. படவேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஓமத்தண்ணி கிடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி வந்தது. இந்த முறை முதுகிலிருந்து கிளம்பி, முன்னால் வந்து, வயிறு முழுவதையும் இறுக்கிப் பிடித்தது. பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு மெல்ல விட்டது.

இந்த நோவை முதல் பிள்ளையின்போதே அவளுக்குத் தெரியும்.

அவளுடைய முகத்தை மறைப்பின் இடைவெளியால் கண்டுவிட்டு சிவலட்சுமி எழும்பி வந்தார். வயிற்றின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றாவது தடவை வயிறு கல்லாகியபோது அந்தக் கை அதோடு சேர்ந்து மேலே எழும்பியது.

வதனி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸி, இது தயிர்தானே?"

சிவலட்சுமி அவளைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற தயாபரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இனி வாகனத்தைப் பாத்துக்கொண்டு நிக்காதை. முத்துலிங்கத்தாரை மிசினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. நானும் ஆஸ்பத்திரிக்கு வாறன்."